அறுக்காத பாவு

தையல்காரன் கையில் துணியைக் கொடுத்துவிட்டு, "வெட்டாதீங்க" என்று சொன்ன ஒரே மனுஷி எனக்குத் தெரிந்து அவர்தான்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் என் கடை. நின்றால் தலை இடிக்கும். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான்தான் ராஜா. அறுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியான வெயிலில் அவர் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். குட்டையான உடம்பு, ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு துணி மூட்டை. முதலில் என் கண்ணில் பட்டது அவர் கைகள்தான். முழங்கை வரை நீலம். எங்கேயோ இங்க் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மூட்டையைப் பிரித்தார். இரண்டு சுருள் துணி. நீலம்தான், ஆனால் ஒரே நீலம் இல்லை. ஒரு ஓரத்தில் ராத்திரி மாதிரி கறுத்து, போகப் போக வெளுத்து, மறு ஓரத்தில் சலவைக்குப் போட்ட நீலம் மாதிரி லேசாக முடிந்தது. பதினைந்து வருஷமாகத் துணியைத் தொட்டுக்கொண்டிருப்பவன் நான். கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டேன்.

"நானே நெஞ்சது பாய். சாயமும் நானே. ஆறு சட்டை ஆவணும்."

"தெச்சிடலாம்க்கா."

"எவ்ளோ வீணாவும்? துணிய வெட்டாதீங்க."

இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எத்தனை நாளாகும், கூலி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

"சட்டைன்னா கய்த்து வெட்டணும், கை வெட்டணும். கொஞ்சம் துண்டு விழத்தான் செய்யும். வெட்டாத எப்டிக்கா தைக்கிறது?"

"வெட்டாதீங்கன்னா, வீணா வெட்டாதீங்கன்னு சொல்றேன். விழுற துண்டெல்லாம் எனக்கு வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. வெட்டுத் துண்டு தையல்காரனுக்கு என்பது எங்கள் தொழிலில் எழுதாத வழக்கம். பாக்கெட் உள்துணி, தலையணை உறை, பிள்ளைகளுக்கு ஜட்டி, எல்லாம் அதில்தான். "நான் துணி எடுக்கிற ஆள் இல்லக்கா" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"நீங்க எடுப்பீங்கன்னு யார் சொன்னா? நூல இய இயயா பிரிச்சு மறுபடி நெய்வேன். அதுக்குத்தான்."

அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் நியூஸ் பேப்பரில் வெட்டி வைத்திருந்த அளவுகளைத் துணிமேல் தானே பரப்பினார். முதுகைத் திருப்பினார், கையைக் கவிழ்த்தார், காலரை எடுத்து அக்குள் வளைவுக்குள் சொருகினார். ஒரு சட்டைக்கு ஒரு சாண் துணி மிச்சமாயிற்று. ஒரு மணி நேரம் நான் வெட்ட வெட்ட அங்கேயே உட்கார்ந்திருந்தார். கத்திரி ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிரே இருந்த சோடாக் கடையைப் பார்த்தார்.

போகும்போது துண்டுகளை ஒரு பேப்பரில் சுருட்டிக்கொண்டு, "கோவமா பாய்?" என்றார்.

"இல்லக்கா" என்றேன். கோபம்தான். ஆனால் அவர் போன பிறகு, அதே மாதிரி காலரைச் சொருகி வேறு ஒரு வக்கீல் சட்டையில் ஒரு சாண் மிச்சம் பிடித்தேன்.

அடுத்த முறை வந்தபோது துணியின் அகலமே மாறியிருந்தது. என் சட்டை அளவை மனத்தில் வைத்து, முதுகுக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று அதற்கேற்ற அகலத்தில் நெய்து கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் துண்டே விழவில்லை. அதற்கும் அடுத்த முறை, காலேஜ் பெண்கள் போட்டுக்கொள்ளும் ஜிப்பா. உடம்புக்கு இரண்டு நேர்த்துண்டு, கைக்கு இரண்டு, அக்குளுக்குச் சதுரமாக இரண்டு. எல்லாம் தனித்தனியாக, நான்கு பக்கமும் முடித்து நெய்யப்பட்டவை.

"கய்த்து?" என்றேன், இந்த இடத்திலாவது என் கத்திரிக்கு வேலை இருக்கும் என்று.

முன்பக்கத் துண்டைத் தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பிளவு. அதையும் தறியிலேயே விட்டிருந்தார். இரண்டு பக்கமும் குறுக்கு நூல் சுற்றிய நாடாக்கட்டை இரண்டை ஓட்டி, நடுவில் சேர்க்காமல் நெய்தாராம். தலையை விடலாம், எடுக்கலாம். அன்றைக்குப் பத்து ஜிப்பா தைத்தேன். கத்திரியை எடுத்தது நூல் நுனியை நறுக்க மட்டும்தான்.

"என் பொயப்புல மண்ணு போடுறீங்கக்கா."

"தையல்காரருக்குத் தையல்தான் வேலை பாய். வெட்றதுன்னா வெட்டுக்காரர்னுல்ல பேர் வெச்சிருப்பாங்க."

கத்திரியை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் அவரை நான்தான் கூட்டிப்போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

"நல்லாத்தான் இருக்கு. சாம்பிளுக்கு ரெண்டு இஞ்ச் வெட்டிக் குடுத்துட்டுப் போங்க. பார்ட்டிக்குக் காட்டிட்டுச் சொல்லுதேன்."

"வெட்டித் தரமாட்டேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தேன்.

"எம்மா, ரெண்டு இஞ்ச்தானே கேக்கேன், ரெண்டு கஜமா கேட்டேன்?"

"ரெண்டு நாள் குடுங்க" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். அத்தனை பெரிய கடை, அவ்வளவு சின்னத் துண்டு. அவரோ பனகல் பார்க் ஓரமாக வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு நிதானமாக நடந்தார். மூன்றாம் நாள் அதே கடையில் மேஜைமேல் பன்னிரண்டு குட்டித் துணிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் இரண்டு இஞ்ச். நான்கு பக்கமும் கரை கட்டி நெய்தது. பொம்மைக்கு நெய்த போர்வை மாதிரி. மாதுளைத் தோலில் எடுத்த மஞ்சள், மஞ்சிட்டியில் எடுத்த சிவப்பு, குதிரை லாடத்தையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுத்த கறுப்பு, மற்றதெல்லாம் நீலம்.

அண்ணாச்சி ஒன்றைக் கையில் எடுத்தார். கடைப்பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், கடைக்கு வந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "எம்மா, ஒன்ட்ட தர்க்கம் பண்ண முடியாது. தீவாளிக்குச் சட்டைத்துணி நெஞ்சு கொண்டா" என்றார்.

அக்காவின் தறி இருந்தது அடையாறில், ஊரூர்க் குப்பத்துக்குப் போகும் வழியில், ஒரு வீட்டின் கார் ஷெட்டில். வீட்டுக்காரர் ரிட்டயரான எஞ்சினியர். கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு, முறை வரும் வரும் என்று எட்டு வருஷமாகக் காத்திருந்தார். அந்தக் காலத்தில் அப்படித்தான். பெண் பார்க்கப் போன அன்று காருக்குப் பதிந்தால் பிள்ளைக்குக் காது குத்தும்போது வரலாம். கார் வருவதற்குள் ஷெட் கட்டியாகிவிட்டது. ஷெட் சும்மா கிடப்பானேன் என்று இவருக்கு வாடகைக்கு விட்டார். ஒரே ஒரு நிபந்தனை. கார் வந்ததும் காலி செய்துவிட வேண்டும்.

அதனால் அந்தத் தெருவில் யார் அக்காவைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "கார் வந்துடுச்சா?" என்பதுதான். "இன்னும் இல்ல" என்பார், பரீட்சையில் பாஸானவர் மாதிரி.

ஷெட்டுக்குப் பின்னால் சாயத் தொட்டிகள். அவுரித் தொட்டிக்கு வேண்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கன்னியம்மா கொண்டுவந்து கொடுப்பாள். குப்பத்துக்காரி, மீன் விற்கிறவள். தெருவில் நுழைந்தாலே அவள் குரல் அடையாறு பாலம் வரை கேட்கும். ஒரு ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. அவுரித் தண்ணீர் தொட்டிக்குள் இருக்கும்போது பச்சையாக இருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டால்தான் நீலமாகும். பச்சைத் தண்ணீர் ஓடுகிறதே, மழைத்தண்ணீரில் பாசி என்று தெருவில் எல்லோரும் மிதித்துக்கொண்டு போனார்கள். வீடு போய்ச் சேரும்போது அத்தனை பேர் காலும் நீலம். தெரு நாய் ஒன்று ஒரு மாதம் நீலக் காலோடு திரிந்தது. எஞ்சினியர் சாரின் வெள்ளை வேஷ்டியில் அடியில் நான்கு விரற்கடை நீலம்.

அவர் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். சண்டை வரப்போகிறது என்று ஒதுங்கினேன்.

"ஏம்மா, இது கறையா, கரையா?"

அக்கா குனிந்து பார்த்து, யோசித்து, "பின்பக்கம் ஏறி இறங்கிக் கீது சார். கழட்டிக் குடுங்க, சரியா பிடிச்சுத் தரேன்" என்றார். இரண்டு நாளில் சீரான நீலக் கரையோடு வேஷ்டி திரும்பியது. எஞ்சினியர் சார் அதைக் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார். எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டால், "மழையில வந்தது" என்பார்.

ஒரு நாள் நான் அக்காவை மடக்கப் பார்த்தேன். "வெட்டக்கூடாது வெட்டக்கூடாதுன்றீங்களே, நெஞ்ச துணிய தறிலேர்ந்து எப்டி எடுக்கிறீங்க? பிளேடு போட்டுத்தானே?"

"அது வெட்றது இல்ல பாய். அறுப்பு. வெளஞ்சதை அறுக்கறது வேற."

இப்படி எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். ஆனால் ஏன் இந்தப் பிடிவாதம் என்று மட்டும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கார் வந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

ஆமாம், கார் வந்தே விட்டது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எஞ்சினியர் சாருக்குக் கடிதம். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் மவுண்ட் ரோடு ஷோரூமுக்கு வந்து காரை எடுத்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்கு. நான் புதன்கிழமை அக்காவிடம் நூலுருண்டை வாங்கப் போனபோது சார் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷர், திருட்டுப் பொருளை வைத்திருப்பவர் மாதிரி முழித்தார்.

"எட்டு வருஷமா வராத கார், இப்பப் போய் வந்துண்டிருக்கும்மா. தெருவுல விட்டா நாலே நாள்ல துருப்பிடிச்சுடும், கடல் காத்து. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க சொன்ன சொல்லு அதானே சார். காலி பண்ணிடறேன்" என்றார் அவர்.

சொல்லிவிட்டுத் தறியைப் பார்த்தார். சட்டத் தறி, ஆள் உயரம், தேக்கு. அதில் அண்ணாச்சியின் தீபாவளிப் பாவு ஏறியிருந்தது. பாவு என்றால் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல். அதன் குறுக்கே ஓட்டித்தான் துணி நெய்வார்கள். ஆயிரத்துச் சொச்சம் இழை. நெய்வதற்கு முன்னாலேயே பாவுக்குச் சாயம் தோய்த்து, கறுநீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை இழை இழையாக வரிசை பிடித்திருந்தார். கால்வாசிதான் நெய்திருந்தது. விறைப்புத் தளர்ந்து இழைகள் ஒன்றோடொன்று நழுவினால், அந்த வரிசை கலைந்துபோகும். அப்புறம் கடவுளே வந்தாலும் சேர்க்க முடியாது.

எஞ்சினியர் சார் கூப்பிட்டனுப்பிய தச்சர் வந்து நாலாபுறமும் சுற்றிப் பார்த்தார். "நூலை அறுத்துட்டா அரை நாள் வேலை. சட்டத்தைப் பிரிச்சு வண்டில ஏத்திடலாம்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "போனாப் போவுதுக்கா. புதுசா ஒரு பாவு போட்டுக்கலாம். நூலுதானே?" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நூலுதானேன்னு சொல்லாதீங்க பாய்!"

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார். அக்கா தறிப் பலகையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார். அப்போது அவருக்குப் பதினொரு வயது. அவர் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். வீடு ஒரே அறை. அதில் பாதி தறி. உடம்பைக் கிடத்த இடம் வேண்டும், வந்தவர்கள் உட்கார இடம் வேண்டும். பெரியப்பா ஒரு கத்தியை எடுத்தார். பாதி நெய்த சேலை. பாவு அறுந்து சுருட்டிக்கொண்டு மூலைக்குப் போயிற்று.

"எல்லாரும் அப்பா போனதுக்கு அழுதாங்க. நான் அந்தச் சேலைக்குத்தான் அழுதேன். சின்னப் புள்ள, தெரியலன்னாங்க. எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சது. அப்பா கடைசியா தொட்டது அது. முடியற எடத்துல முடிஞ்சிருந்தா வெச்சிருக்கலாம். நடுவுல அறுத்தா அது துணியும் இல்ல, நூலும் இல்ல."

கன்னியம்மாவால் அதற்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு அதுவரை வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப இன்னான்ற? அந்த நூலு அப்டியே இருக்கணும். தறி இங்கேர்ந்து போவணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"எங்கூட்டாண்ட வலைக் கொட்டாய் சும்மாதான் கீது. பருத்தி வலை இருந்தப்ப பட்டை காய்ச்சி சாயம் போட்ட எடம். இப்ப நைலான் வந்துட்சி, சாயமும் இல்ல, ஒண்ணியும் இல்ல. அண்டா கூட அங்கியே கீது, நீ எட்த்துக்க."

"எப்டி கொண்டு போறது கன்னியம்மா?"

"இன்னாக்கா கேக்கற? எம்மாம் பெரிய கட்டுமரத்த தூக்கினு கரையேறுறானுங்க, இத்தத் தூக்க மாட்டானுங்களா?"

வெள்ளிக்கிழமை காலை கடல் சரியில்லை. குப்பத்தில் யாரும் தொழிலுக்கு இறங்கவில்லை. எட்டுப் பேர் வந்தார்கள், கழிகளும் கயிறும் எடுத்துக்கொண்டு. தறிக்கு அடியில் கழிகளைக் குறுக்கும் நெடுக்கும் கொடுத்துக் கட்டினார்கள். பாவு அசையாமல் இருக்க, யாராவது ஒருவர் தறிக்குள் புகுந்து, இரண்டு கையாலும் நூலைக் கீழிருந்து தாங்கிக்கொண்டே நடக்க வேண்டும். ஒல்லியான ஆள் நான்தான். குனிந்து உள்ளே புகுந்தேன்.

"தூக்கு!" என்றாள் கன்னியம்மா.

தறி எழும்பியது. நானும் அதோடு நடந்தேன். எனக்கு முன்னால் ஆயிரம் நீல இழைகள். அவற்றுக்கு அப்பால் எட்டுப் பேரின் கால்கள் மட்டும் தெரிந்தன. பின்னால் அவர். பாவு சுற்றியிருந்த உருளைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஷெட்டை விட்டு வெளியே வந்து இருபது அடி போயிருக்க மாட்டோம். தூறல் விழுந்தது. பாவில் கஞ்சி போட்டிருக்கும். நனைந்தால் இழை ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் அப்படியே நின்றார்கள். அப்போது என் தலைக்கு மேல் ஏதோ கறுப்பாக விரிந்தது. எஞ்சினியர் சாரின் குடை. சலவைச் சட்டையும் பேண்ட்டும் போட்டு, ஷோரூமுக்குக் கிளம்பி வந்தவர், குடையைப் பாவுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், உங்க கார்..." என்றார் அவர்.

"நடங்கோ, நடங்கோ. இன்னும் நாழி இருக்கு."

மெயின் ரோட்டில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடிவந்து, "இன்னா சாமிய்யா இது?" என்றார்.

"சாமி இல்ல, தறி."

"அப்ப ஏன்யா குடை?"

பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் கைகூப்பிக் கும்பிட்டதை நான் நூலுக்கு நடுவில் பார்த்தேன். எட்டுப் பேரில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்து, தோள் குலுங்கி, தறி ஒரு ஆட்டம் ஆடியது. "டேய்!" என்ற கன்னியம்மாவின் அதட்டலில் பஸ்காரர்களே நடுங்கிப்போனார்கள்.

குப்பத்துச் சந்துக்குள் திரும்பியபோதுதான் சோதனை. தறி அகலம், சந்து குறுகல். ஒரு வீட்டின் கூரை ஓலை தாழ்ந்து வழியை மறித்தது. நின்றபடியே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எஞ்சினியர் சார் குடையை என் கையில் திணிக்கப் பார்த்தார். என் கை இரண்டும் நூலுக்கடியில் இருந்தது. கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து மடக்கு ஸ்கேலை எடுத்து அளந்தார். "இடது பக்கம் நாலு இஞ்ச் சாய்க்கணும், ஓலையை ஒரு கழியால தூக்கிப் பிடிக்கணும், ஒரே சமயத்துல" என்றார். அந்த வீட்டுக்காரி உள்ளேயிருந்து யாரடா என் வீட்டைப் பிரிக்கிறது என்று கத்தினாள். கன்னியம்மா பதிலுக்குக் கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, நாலு இஞ்ச் சாய்ந்து, தறி உள்ளே போயிற்று.

வலைக் கொட்டகையில் இறக்கி வைத்தபோது மணி ஒன்றரை. என் முதுகு நிமிர மறுத்தது. எஞ்சினியர் சார் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் அக்கா முகத்தையே பார்த்தோம். நீல விரலால் பாவை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்லத் தடவிக்கொண்டே போனார். வீணை வாசிப்பவர் மாதிரி.

"மூணு" என்றார்.

"மூணு என்ன?" என்றேன்.

"மூணு இய அறுந்திருக்கு."

எஞ்சினியர் சார்தான் முதலில் பேசினார். "ஆயிரத்துல மூணா? அவ்வளவு பிசகு டாலரன்ஸுக்குள்ளதான்."

அக்கா தலையை ஆட்டிவிட்டு, பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டார். நாடாவைத் தட்டினார். தறி சத்தம் கொட்டகையில் எழும்பியது. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற எட்டுப் பேரில் ஒருவன் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஓடுதா?" என்று கேட்டான். "ஓடுது நைனா" என்றார், நிமிராமல்.

எஞ்சினியர் சாரின் கார் அடுத்த ஆளுக்குப் போகவில்லை. அன்றைக்கு மழையில் அந்த அடுத்த ஆளும் வரவில்லையாம். சனிக்கிழமை போய் எடுத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை அதை எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நேரே குப்பத்துக்கே ஓட்டிவந்து, மணலில் பின்சக்கரம் இரண்டும் புதைய நிறுத்திவிட்டார். அதே எட்டுப் பேர் வந்தார்கள்.

"முந்தாநேத்து தறி, இன்னிக்குக் காரு. நாளைக்கு இன்னா சார், ஊட்டத் தூக்கணுமா?" என்றாள் கன்னியம்மா.

அண்ணாச்சிக்குத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் துணி போய்ச் சேர்ந்தது. பிறகு வருஷா வருஷம் போயிற்று. அந்தக் கொட்டகையில் இன்னும் இரண்டு தறி வந்தன. கன்னியம்மாவின் மருமகள் ஒன்றில் உட்கார்ந்தாள். எழுபதுகளின் முடிவில் அவர்கள் எல்லோருமாகப் பாலவாக்கம் பக்கம் சொந்தமாக ஒரு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். நானும் மெஷினை மகனிடம் விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த முதல் பாவைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. தறியைத் தூக்கி வந்தபோது வெளியே விரிந்திருந்த நூல் ஒரு கஜம்தான். அதனால் மூன்று முடிச்சும் அந்த ஒரு கஜத்துக்குள்தான் விழுந்திருந்தன. அந்தத் துண்டைக் கடைக்குக் கொடுக்கவில்லை. முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்த்துத் தனியாக அறுத்து எடுத்திருந்தார். என்னிடம் கொடுத்து இரண்டு முனையையும் மடித்துத் தைக்கச் சொன்னார். மேல்துண்டு. எஞ்சினியர் சாருக்கு.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுக்கப் போனோம். அவர் ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டை வாங்கி வெளிச்சத்தில் விரித்தார். எங்கே முடிச்சு என்று தேடினார். கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் சாரின் விரலைப் பிடித்து ஒரு இடத்தில் வைத்தார். ராகி மணி மாதிரி ஒரு சின்ன மேடு.

"இது பஸ் நின்னுச்சே, அங்க. அந்தப் பையன் சிரிச்சப்ப."

விரலைக் கொஞ்சம் நகர்த்தினார். "இது சந்துல. ஓலையைத் தூக்கினப்ப."

"அதெப்படி இழையைப் பார்த்தே சொல்றேள்?"

"அறுந்தா கைக்குத் தெரியும் சார். உருளை மேலதானே கை வெச்சிருந்தேன்."

"மூணாவது?"

அக்கா சார் விரலை இன்னொரு இடத்தில் வைத்தார். ஷெட்டின் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார். தறியை வெளியே எடுத்தபோது நாங்கள் தாண்டிய அதே படி.

"இது இங்கயே சார். வாசல் தாண்டறப்பவே போயிடுச்சு."

"இங்கயேவா?" என்றேன் நான். "ஒண்ணுமே சொல்லலியேக்கா நீங்க! மெதுவா மெதுவான்னுதானே சொல்லிக்கினு வந்தீங்க?"

"சொல்லியிருந்தா நீங்கல்லாம் பயந்து அங்கியே நின்னுட்டிருப்பீங்க பாய். மழை வேற வர்ற மாதிரி இருந்துது."

எஞ்சினியர் சார் அந்த மேட்டின்மேல் வைத்த விரலை எடுக்காமல் நின்றார். பிறகு துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கார்க் கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் ஏறுங்கோ" என்றார்.